கலர் சொல்லிக் கொடுத்தவர்களுக்கு

குறிஞ்சிப்பாடித் தறித்தெருவில் இன்றும் தறி மிதிக்கிறவர்களுக்கும், மிதித்து ஓய்ந்தவர்களுக்கும், சாயத்தொட்டியில் கை நனைத்தவர்களுக்கும், ராட்டை அருகே உட்கார்ந்து தார் சுற்றிய ஆயாக்களுக்கும் வணக்கம்.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியாது. நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன் நான். அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. அம்மா உங்கள் தெருப் பெண். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் ஒரு துணிப்பையைக் கையில் கொடுத்து என்னை ஆயா வீட்டுக்கு பஸ் ஏற்றிவிடுவார்கள். இந்த மடலை நான் எப்போதோ எழுதியிருக்க வேண்டும். இப்போது எழுத வைத்தவன் என் மகள் வயிற்றுப் பேரன்.

அவனுக்கு ஐந்து வயது. போன மாதம் வகுப்பில் மரம் வரையச் சொன்னார்களாம். அடிமரத்துக்குப் பச்சையும் இலைக்குப் பழுப்பும் தீட்டியிருக்கிறான். படத்தின் குறுக்கே பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு, 'கவனம் போதாது' என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். மகள் போனில் அழுதாள். எனக்கு அந்த நேரத்தில் உங்கள் தெருத் திண்ணை கண்முன் வந்தது. திண்ணை நிறைய நூல் சிட்டம். அதன் நடுவில் ஆயா.

1971 கோடை. எனக்கு ஒன்பது வயது. ஆயா வீட்டில் இரண்டு குழித்தறி இருந்தன. ஒன்றில் மாமா கட்டம் போட்ட கைலி நெய்வார். ராட்டையில் தார் சுற்றுவது ஆயா வேலை. சுற்றிய தாரைக் கூடையில் அடுக்கி, மாமா கலர் சொல்லிக் கேட்கும்போது எடுத்துக் கொடுப்பது என் வேலை. அன்று மாமா அரக்கு கேட்டார். நான் பாசிப்பச்சையை எடுத்துக் கொடுத்தேன். தறிக்குழிப் பக்கம் அரையிருட்டு. மாமாவும் யாரோடோ பேசிக்கொண்டே அதை நாடாவில் போட்டு ஓட்டிவிட்டார். நாலு விரல் அகலம் நெய்த பிறகுதான் தெரிந்தது. ஊடையை இழை இழையாகப் பிரித்தெடுக்க வேண்டியதாயிற்று. பாவும் இரண்டு இடத்தில் அறுந்தது. அரைநாள் வேலை போன ஆத்திரத்தில் மாமா கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். ஆயா குறுக்கே வந்து நின்றாள்.

என்னைத் திண்ணைக்குக் கூட்டிப் போனாள். வீட்டிலிருந்த சிட்டங்களையெல்லாம் வெயிலில் பரப்பினாள். "என்னா கலருன்னு கேக்கல கண்ணு. எது எதும்மாரி இருக்கு, அதச் சொல்லு. ஒண்ணும்மாரி இருக்கறத ஒண்ணா வை" என்றாள். அரக்குக்குப் பக்கத்தில் பாசிப்பச்சையை வைத்தேன். காவியோடு கிளிப்பச்சையைச் சேர்த்தேன். வாடாமல்லியைக் கொண்டுபோய் நீலத்தோடு போட்டேன். ஆயா வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எங்க அண்ணனுக்கும் இப்படித்தான்" என்றாள். திட்டவும் இல்லை, பரிதாபப்படவும் இல்லை. கண்ணில் கோளாறு என்ற சொல்லை அன்றும் சொல்லவில்லை, சாகும்வரைக்கும் சொல்லவில்லை.

பின்னாளில் புத்தகங்களில் தேடியபோது, ஆயா செய்தது உலகம் அறிந்த ஒரு சோதனை என்று தெரிந்தது. 1875இல் சுவீடனில் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதிக்கொண்டன. விளக்கின் நிறத்தைப் பிரித்தறிய முடியாத கண்ணும் காரணமாக இருக்கலாம் என்று நினைத்தார் ஃப்ரித்தியோஃப் ஹோல்ம்கிரென் என்ற உடலியல் பேராசிரியர். ரயில்காரர்கள் முன்னால் சாயம் ஏற்றிய கம்பளிநூல் சிட்டங்களைப் பரப்பி, ஒன்றுபோல் இருப்பதைச் சேர்த்து வைக்கச் சொன்னார். எதற்கும் பெயர் கேட்கவில்லை. நிறத்துக்குப் பெயர் தெரியாதவன் வேறு, நிறத்தைப் பிரிக்க முடியாதவன் வேறு. அந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் நூலைக் கையில் கொடுத்தார். 1901, 1902இல் நீலகிரிக்கு வந்து தோடர்களின் பார்வையைச் சோதித்த ரிவர்ஸ் என்ற ஆய்வாளரும் வண்ணக் கம்பளிநூலைத்தான் விரித்தார். மொழியையும் கண்ணையும் பிரித்துப் பார்க்க உலகம் கண்டுபிடித்த முதல் கருவிகளில் ஒன்று, உங்கள் வீட்டுக் கூடையில் கிடக்கிற சிட்டம்.

ஆயாவின் அண்ணன் கதையும் விளங்கிற்று. சிவப்பையும் பச்சையையும் பிரிக்கிற மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. ஆணுக்கு அது ஒன்றே ஒன்று, அம்மாவிடமிருந்து வருவது. பெண்ணுக்கு இரண்டு இருப்பதால் ஒன்று பழுதானாலும் மற்றது சமாளித்துவிடும். அப்படித்தான் ஆயாவிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து என் மகள் வழியாகப் பேரனுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இந்தக் கண்ணும் ஆயா கொடுத்தது. அதற்கு வேண்டிய சொல்லையும் ஆயாவே கொடுத்தாள். நான் நன்றி சொல்ல வந்தது அந்தச் சொல்லுக்கு.

திண்ணையில் சிட்டம் பரப்பியதற்கு மறுநாள் காலையில் கூடையிலிருந்த ஒவ்வொரு சிட்டத்தின் தலைப்பிலும் முடிச்சு விழுந்திருந்தது. அரக்குக்கு ஒன்று, பாசிக்கு இரண்டு, காவிக்கு மூன்று. விரலால் தடவினாலே தெரிந்துவிடும். ஆனால் முடிச்சு, அவசரத்துக்கு. நிதானமாக அவள் கொடுத்தவை பெயர்கள். பச்சை என்று மொத்தமாகச் சொல்லி விட்டுவிட மாட்டாள். முருங்கையிலை, கிளி, பாசி, மாம்பிஞ்சு என்று பிரிப்பாள். சிவப்பில் மிளகாய்ப்பழம், அரக்கு, செங்கல், வெங்காயத்தோல். ஒவ்வொரு பெயரோடும் ஓர் அடையாளம் சொல்வாள். "முருங்கையிலையில லேசா சாம்பல் பூத்தாப்புல இருக்கும். கிளி வெயில் பட்டாப்புல இருக்கும். அரக்கு ராத்திரியில மொதல்ல இருட்டிப்போவும், பாசி கொஞ்சம் பொறுத்துத்தான் இருட்டும்." வெளிச்சம், மங்கல், பளபளப்பு, எது முந்தி இருட்டுகிறது, இதெல்லாம் என் கண்ணுக்குத் தெரியும். எனக்குத் தெரிகிற வழியாகவே தெரியாத ஒன்றை எனக்குக் காட்டிக் கொடுத்தாள். இரண்டு மூன்று வாரத்தில் அரக்கையும் பாசியையும் பத்துக்கு எட்டு முறை சரியாக எடுத்தேன். என் கண் மாறவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

கட்டத்தின் கணக்கையும் காதால்தான் படித்தேன். அரக்கு எட்டு, வெள்ளை ரெண்டு, பாசி பதினாறு, வெள்ளை ரெண்டு என்று மாமா மிதியோடு சேர்ந்து சொல்லிக்கொண்டே நெய்வார். மற்றப் பிள்ளைகளுக்குக் கைலிக் கட்டம் கண்ணுக்கு வந்தது. எனக்கு அது பாட்டாக வந்தது. இன்றைக்கும் தெருவில் யாராவது கட்டம் போட்ட கைலி கட்டிக்கொண்டு போனால் மனசுக்குள் எண்ணிக்கை ஓடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒருநாள் மாமா இரண்டு கட்டுக் காக்கி நூல் வாங்கி வந்தார். எல்லோரும் ஒரே காக்கி என்றார்கள். எனக்கு இரண்டும் வேறாகத் தெரிந்தன. மாமா சிரித்தார். ஆயா மட்டும், "அவன் சொல்றதக் கேளு" என்றாள். இரண்டையும் துவைத்துக் காயவைத்தபோது ஒன்று வெளுத்தது, மற்றது நின்றது. ஏதோ தற்செயல் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். 2005இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பச்சையை உணரும் செல்களின் உணர்வெல்லை கொஞ்சம் விலகி அமைந்த கண்களுக்கு, மற்றவர்களுக்கு ஒன்றாகத் தெரிகிற சில காக்கி போன்ற நிறங்கள் வெவ்வேறாகத் தெரிகின்றன என்று காட்டினார்கள். என் கண்ணும் அந்த வகை. அதைப் படித்த இரவு ஆயாவை நினைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது வயதுப் பையன் சொன்னதைக் கேட்கச் சொல்ல அவளுக்கு எந்த ஆய்வும் தேவைப்படவில்லை.

டவுன்ஷிப்பில் வண்ணப் பென்சில் பெட்டி எனக்குப் பயம். பன்னிரண்டு பென்சில், பன்னிரண்டு பெயர், ஒன்றுக்கு ஒன்று. ஒன்று மாறினாலும் தப்பு. உங்கள் தெருவில் பேசிய தமிழில் அந்தப் பயம் எனக்கு இருந்ததில்லை. ஏன் என்று பிறகு யோசித்தேன்.

பச்சை என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைத்தண்ணி, பச்சைப்பால், பச்சரிசி, பச்சைமண், பச்சைப்புண். பிள்ளை பெற்றவள் பச்சை உடம்புக்காரி. சூளைக்குப் போகாத செங்கல் பச்சைக்கல். இவற்றில் எதுவும் இலையின் நிறத்தில் இல்லை. நெருப்பு படாதது, ஈரம் வற்றாதது, இன்னும் ஆறாதது, இன்னும் ஆகாதது எல்லாம் பச்சை. பச்சை குத்திய கையைப் பார்த்தால் நீலமும் கருப்புமாக இருக்கிறது. பசும்பொன் மஞ்சளாக மின்னுகிறது. குறுந்தொகையில் ஔவையார் சுடாத மண்பாண்டத்தைப் பசுங்கலம் என்கிறார். பிரிவில் வெளிறிப்போகும் பெண்ணின் மேனியில் படர்வது பசலை. அந்த வெளிறலுக்குத் திருக்குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது. ஒரே வேர், இலையிலிருந்து பொன்னுக்கும் பொன்னிலிருந்து நோவுக்கும் ஓடுகிறது. இலையின் நிறம் கண்ணில் சரியாக விழாத பையனுக்கும் இந்தச் சொல்லுக்குள் இடம் இருந்தது. தண்ணீர் சுட்டதா பச்சையா என்று எனக்குத் தெரியும். மண் வெந்ததா பச்சையா என்று தெரியும்.

ஃபிலிப்பைன்ஸில் மிண்டோரோ என்று ஒரு தீவு. அங்கே வாழும் ஹனுனோ மக்களின் நிறச்சொற்களைப் பற்றி ஹாரல்ட் காங்க்லின் என்பவர் 1955இல் எழுதினார். அவர்களுக்கு அடிப்படையாக நான்கே சொற்கள். கருத்தது, வெளுத்தது, மற்ற இரண்டில் ஒன்று நம் செம்மை போல, ஒன்று நம் பசுமை போல. அந்தப் பசுமைச் சொல் ஈரத்தையும் இளமையையும் சேர்த்துக் குறிக்கிறது. செம்மைச் சொல் காய்ந்ததையும் சேர்த்துக் குறிக்கிறது. அப்போதுதான் வெட்டிய மூங்கிலின் முகம் பழுப்பாக ஈரத்தோடு பளபளக்கும்போது அதற்கும் பச்சைச் சொல்லையே போடுகிறார்கள். மேல்நாட்டு வாசகர்களுக்கு இதை விளக்க அவர் ஒரு கட்டுரையே எழுத வேண்டியிருந்தது. பச்சைக்கல் அடுக்கிய சூளைக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இதில் விளக்க என்ன இருக்கிறது?

சிவப்பும் அப்படித்தான். செம்மண், செங்கல், செம்பு, செவ்வாழை, செவ்வானம், செம்மறி. பெட்டியிலிருந்து ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்து இவை அத்தனையையும் தீட்டிவிட முடியாது. மாட்டுக்கு என்று தனியாகவே சொற்கள் இருக்கின்றன. செவலை, மயிலை, காரி. செவலை என்று ஒரு சட்டையைச் சொல்ல முடியாது, மாட்டைத்தான் சொல்லலாம். தொழுவத்தில் எது செவலை என்று நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை. தொல்காப்பியத்தின் உரியியல், கறுப்பும் சிவப்பும் கோபத்தைக் குறிக்கும் என்று முதலில் சொல்லிவிட்டு, நிறத்தைக் குறிப்பதற்கும் அவை உரியவை என்று அடுத்துச் சொல்கிறது. மாமாவுக்கு முகம் சிவந்ததைப் பார்க்க எனக்கு நிறப்பார்வை தேவைப்படவில்லை. கோபம் தெரிந்தது, அது போதும்.

நிறச்சொல்லைப் பற்றிப் பேசினால் 1969இல் வந்த பெர்லின், கே என்ற ஆய்வாளர்கள் இருவரின் புத்தகத்தைத் தொடாமல் போக முடியாது. 98 மொழிகளைப் பார்த்துவிட்டு, அடிப்படை நிறச்சொற்கள் அதிகம் போனால் பதினொன்று என்றார்கள். எந்த மொழியும் முதலில் கருப்பு வெள்ளையைத்தான் பிரிக்கும், அடுத்து வருவது சிவப்பு, அதற்கப்புறம் பச்சையும் மஞ்சளும், பிறகு நீலம், பிறகு பழுப்பு என்று ஒரு வரிசையும் போட்டார்கள். மனிதக் கண் எங்கேயும் ஒன்றுதான், மொழிக்கு மொழி கண் மாறிவிடாது என்பதை அழுத்திச் சொன்ன புத்தகம் அது. அந்த வகையில் அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒரு பொருளின் பெயராகவும் இருக்கிற நிறச்சொல் அவர்களுக்குச் சந்தேகத்துக்கு உரியது. நமக்கு மஞ்சள் என்றால் கிழங்கு. அம்மியில் அரைத்தது, முகத்தில் பூசியது, தாலிக்கயிற்றில் தடவியது. அந்தக் கிழங்கை விலக்கிவிட்டு அந்த நிறத்தை எப்படி நினைப்பது? ஆரஞ்சும் பழந்தான். நாரத்தை என்று நாம் சொல்கிற சொல்லின் உறவுச்சொல் ஒன்று வடமொழி, பாரசீகம், அரபு, ஐரோப்பா என்று சுற்றி ஆரஞ்சாக நம்மிடமே திரும்பிவந்திருக்கிறது, அதன் மூலம் திராவிடம் என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. பொருளிலிருந்து நிறத்தைக் கழற்றி எடுத்து ஓர் அட்டைத் துண்டில் ஒட்டிக் காட்டி, இதன் பெயர் என்ன என்று கேட்டால், ஆயா, "எதுல போட்ட கலரு?" என்று திருப்பிக் கேட்டிருப்பாள். பருத்தியிலா பட்டிலா, ஈரத்திலா காய்ந்தா? அந்தக் கேள்வியை நான் பெரிய கேள்வியாகவே நினைக்கிறேன்.

ஏனென்றால் உங்கள் சாயத்தொட்டியில் நிறம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. நாப்தால் சாயத்தில் முதல் தொட்டியில் முக்கி எடுத்த நூலில் சிவப்பின் அடையாளமே இருக்காது. இரண்டாவது தொட்டியில் இறங்கியதும் கண்ணெதிரே சிவக்கும். இந்தத் தென்னார்க்காட்டு மண்ணில் ஒரு காலத்தில் அவுரி பெருவாரியாக விளைந்தது. அவுரித் தொட்டியிலிருந்து தூக்கும்போது நூல் மஞ்சள் கலந்த பச்சை. காற்று பட்டு நிமிஷங்களில் நீலம். நீலத்திலும் மஞ்சளிலும் எனக்குக் குழப்பம் கிடையாது என்பதால் விழுப்புரம் பக்கம் ஒரு தொட்டியருகே நின்று அதைக் கண்நிறையப் பார்த்திருக்கிறேன். எந்த நொடியில் அதைப் பச்சை என்பதை நிறுத்திவிட்டு நீலம் என்பது? "ஈரத்துல பாத்துக் கலர் சொல்லாத" என்று உங்கள் தெருப் பெரியவர்கள் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். சொல்வதற்கு முன் காத்திருக்க வேண்டும் என்பதை அங்கேதான் கற்றேன்.

சொல் பார்வையை மாற்றுமா என்று கேட்டு ரஷ்ய மொழி பேசுகிறவர்களிடம் செய்த ஒரு சோதனை 2007இல் வெளிவந்தது. அவர்களுக்கு வெளிர்நீலத்துக்கு ஒரு சொல், அடர்நீலத்துக்கு வேறொரு சொல். இரண்டுக்கும் பொதுவாக ஒரே சொல் கிடையாது. இரண்டு நீலங்கள் அந்த எல்லைக்கு இருபுறமும் விழுந்தால் அவர்கள் சட்டென்று பிரித்தார்கள். ஒரே பக்கம் விழுந்தால் கொஞ்சம் தாமதமாயிற்று. ஆங்கிலம் பேசுகிறவர்களிடம் அந்த வேறுபாடு தென்படவில்லை. இதைவிட எனக்குப் பிடித்தது அடுத்துச் செய்தது. மனசுக்குள் ஓர் எண் வரிசையைச் சொல்லிக்கொண்டே பார்க்கச் சொன்னார்கள். அந்த முந்துதல் மறைந்துவிட்டது. அதாவது, பார்க்கும் அந்த நொடியிலேயே சொல் உள்ளே முணுமுணுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அதன் வாயை வேறு வேலையில் அடைத்ததும் கண் தனியாகிவிட்டது. இது எனக்குப் புதிதே அல்ல. மாமா அதட்டிக் கேட்டால் நான் தப்பாக எடுப்பேன். அமைதியாக விட்டால், அரக்கு முதலில் இருட்டும், பாசி கொஞ்சம் பொறுத்து இருட்டும் என்று உள்ளே சொல்லிக்கொண்டு சரியாக எடுப்பேன். ஆயாவின் குரல்தான் என்னோடு சேர்ந்து பார்த்தது.

அப்பா ஒருமுறை சுரங்கத்தின் விளிம்பில் நிற்கவைத்துக் காட்டினார். மேலே சிவந்த கடலூர் மணற்கல், அதற்குக் கீழே களிமண், அடியாழத்தில் நிலக்கரி. 'பழுப்பு நிலக்கரி' என்று பாடப்புத்தகத்தில் படித்துவிட்டுப் போயிருந்தேன். எனக்குக் கருப்பாகத் தெரிந்தது. என் கண்தான் தப்பு என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். சாலையோரம் சிதறிக் கிடந்த ஒரு சில்லைப் பொறுக்கி வைத்திருந்து, அடுத்த லீவில் ஆயாவிடம் கொடுத்தேன். அவள் அதைத் திண்ணை வெயிலில் வைத்தாள். இரண்டு நாளில் விரிசல் விட்டது. உரசினால் விரலில் பழுப்புத் தூள். நெய்வேலிக் கரியில் ஏறக்குறைய பாதி எடை ஈரம். ஈரத்தோடு இருக்கையில் கருப்பு, உலர உலரப் பழுப்பு. என் கண்ணில் அன்று எந்தத் தப்பும் இருக்கவில்லை.

"இது மரமா இருந்ததுடா. இன்னும் பழுத்துக்கிட்டு இருக்கு" என்றாள் ஆயா. அவள் சொன்னது பழுப்பு என்ற சொல்லின் வேர். இலை பழுக்கும், காகிதம் பழுக்கும், புண் பழுக்கும். காலம் ஏறி நிறம் திரும்புவது பழுப்பு. மரம் புதைந்து, மட்கி, கரியாகும் நெடும்பாதையில் பாதி வழி வந்து நிற்பதுதான் லிக்னைட். முழுக்கக் கருத்த நிலக்கரியாக அதற்கு இன்னும் காலமும் அழுத்தமும் வேண்டும். ஆயா நிலவியல் படிக்கவில்லை. நிறத்தைச் சொல்லும்போதே அதன் வயதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிற ஒரு சொல் அவள் வாயில் இருந்தது. ஆங்கிலத்திலும் அதைப் பழுப்புக் கரி என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் சொல்லில் பழம் இல்லை.

தைப்பூசத்துக்கு வடலூருக்கு நடத்தியே கூட்டிப் போவாள். சத்திய ஞான சபையில் 1872 ஜனவரி 25 அன்று முதல் சோதி தரிசனம் நடந்தது. வள்ளலார் அங்கே சோதிக்கு முன்னால் ஏழு திரைகள் வைத்தார். கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கடைசியில் கலப்பு. கூட்டத்தில் என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு திரையும் விலகும்போது காதோரம் பெயர் சொல்வாள். பச்சைத் திரையும் சிவப்புத் திரையும் எனக்குத் தனித்தனியாகத் தெரிந்தனவா என்று கேட்டால் இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அவள் 'பச்ச' என்றதும் ஒன்று போயிற்று, 'செவப்பு' என்றதும் இன்னொன்று போயிற்று. ஏழும் போன பிறகு தெரிந்த தீபம் எனக்கும் கூட்டத்துக்கும் ஒன்றுபோலவே தெரிந்தது.

அதே 1870களில் எவால்ட் ஹெரிங் என்ற ஜெர்மானிய உடலியலாளர், மனித நிறவுணர்வு ஆறு அடிப்படைகளில் நிற்கிறது என்று எழுதினார். கருப்புக்கு எதிர் வெள்ளை, சிவப்புக்கு எதிர் பச்சை, நீலத்துக்கு எதிர் மஞ்சள். மற்ற நிறமெல்லாம் இவற்றின் கலவை. எதிரிணை என்ற அந்தக் கருத்தை இன்றைய கண் அறிவியலும் வைத்துப் பேசுகிறது. வடலூர்த் திரைகளில் பொன்னை மஞ்சளாகக் கொண்டால் அதே ஆறும் இருக்கின்றன. ஏழாவதாகக் கலப்பும் இருக்கிறது. ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வழியில்லை. வள்ளலாருக்கு அவை ஏழு சக்திகள், கண்ணின் கணக்கு அவருடைய நோக்கமும் அல்ல. ஆனாலும் குறிஞ்சிப்பாடிக்கு அடுத்த ஊரில் அந்த ஆறும் திரைகளாகத் தொங்கியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

இருபது வயதில் ஒரு வேலைக்காக மருத்துவச் சோதனைக்குப் போனேன். 1917இல் ஜப்பானியக் கண் மருத்துவர் இஷிஹாரா வெளியிட்ட புள்ளிப் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். முதல் படத்தில் 12 தெரிந்தது. அது எல்லோருக்கும் தெரியும்படி வைத்த படம். அதற்கப்புறம் பெரும்பாலும் வெறும் புள்ளிகள். அங்கே முடிச்சும் இல்லை, முருங்கையிலையும் இல்லை. வேலை போயிற்று. சிவப்பு, பச்சை விளக்கைப் பார்த்துச் செய்யும் வேலை. அதை எனக்குத் தராதது சரிதான் என்று இப்போது நினைக்கிறேன். அன்று நினைக்கவில்லை. ஆயா வீட்டுக்கு வந்து இரண்டு நாள் படுத்துக் கிடந்தேன். மூன்றாம் நாள் ஒரு சிக்கெடுக்க வேண்டிய சிட்டத்தை மடியில் போட்டுவிட்டுப் போனாள். அவ்வளவுதான் அவள் சொன்ன ஆறுதல். பிறகு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிற வேலை கிடைத்து முப்பத்தைந்து வருஷம் அதில் இருந்தேன். வெள்ளையில் கருப்பு. ஓர் இழை மாறினால் உறுத்துகிற பழக்கம் தறிக்குழியில் வந்தது. அதுவே கடைசிவரை சோறு போட்டது.

இந்த ஆனி மாதம் உங்கள் தெருவுக்கு வந்திருந்தேன். தறிச்சத்தம் குறைந்திருந்தது. ஆயா வீட்டுத் தறிக்குழியை மூடிச் சிமெண்டு போட்டிருக்கிறார்கள். நாலு வீடு தள்ளி ஓர் அக்கா தார் சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, கூடையிலிருந்ததைக் காட்டி ஒவ்வொன்றுக்கும் பெயர் கேட்டேன். அலுத்துக்கொள்ளாமல் சொன்னார். மயில்கழுத்து, காப்பிப்பொடி, மாம்பழம், ராமர்ப்பச்சை. ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "இதுக்குப் பேரு சரியாத் தெரியலண்ணே. மழ பேஞ்ச மறுநா செம்மண்ணு இருக்குமே, அதும்மாரி" என்றார். ஆயா போன பிறகு அந்தப் பேச்சை நான் கேட்டு எத்தனையோ வருஷமாயிற்று. அந்த அக்காவுக்கு நான் யார் என்று சொல்லாமலேயே எழுந்து வந்துவிட்டேன். தொண்டை அடைத்துக்கொண்டது. அவருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

பேரனை உட்கார வைத்து மரப்படத்தைப் பற்றிக் கேட்டேன். என்ன கலர் என்று கேட்கவில்லை. இலை எதும்மாரி இருக்கு என்றேன். கொஞ்சம் யோசித்து, "தோசை ஓரம் மாரி" என்றான். அடிமரம்? "கொத்தமல்லி சட்னி காஞ்சாப்புல." அவன் கண்ணில் விழுந்ததைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். அவனுடைய வகுப்பாசிரியருக்கு விவரமாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தோம். அவர் வருத்தப்பட்டார். இனி பென்சில்மேல் பெயரை எழுதி ஒட்டலாம் என்று அவரே சொன்னார். நல்ல மனுஷி.

உங்களிடம் ஒரு உதவி கேட்க வேண்டும். அவனையும் கூட்டிக்கொண்டு தைப்பூசத்துக்கு முதல்நாள் வருகிறேன். யார் வீட்டில் எந்தச் சிட்டம் மிஞ்சியிருந்தாலும் பரவாயில்லை, ஒவ்வொரு கலரிலும் ஒரு முழம் நூல் வேண்டும். பெயரை நீங்கள் அவனிடம் சொல்லுங்கள். அரக்குக்கு ஒன்று, பாசிக்கு இரண்டு, காவிக்கு மூன்று. முடிச்சு நான் போட்டுக்கொள்கிறேன்.

உங்கள் தெருப் பெண் வயிற்றுப் பிள்ளை